படுக்க வைத்துத் தூக்கிப் பார்த்த வண்டி

எனக்கு உயரம் குறைவு. கால் கட்டை. இதை முதலில் சொல்லிவிட்டால் மற்றது புரியும்.

எண்பதுகளின் கடைசியில் நானும் என் வீட்டுக்காரியும் சுங்கை வேயில் ஒரே தொழிற்சாலையில் வேலை பார்த்தோம். அவள் உள்ளே மேசையில் உட்கார்ந்து மயிர்போன்ற கம்பிகளைப் பற்றவைப்பாள். நான் ஸ்டோரில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினேன். வீடு காப்பாரில். மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, செம்பனை மரங்களுக்கு நடுவே. கம்பெனி பஸ் அந்தப் பக்கம் வராது. அதனால் ஒரு வண்டி வைத்திருந்தோம். எல்லார் வீட்டிலும் இருக்கிற கிளட்ச் இல்லாத சின்ன வண்டிதான். இங்கே அதைக் கப்சாய் என்போம். இரண்டு பேரும் அதில் ஏறி, கிள்ளான் டவுனைத் தாண்டி, பெடரல் ஹைவேயில் மோட்டார் சைக்கிளுக்கென்று போட்ட தனித் தடத்தில் போவோம். ஏழு மணிச் சங்கு ஊதும்போது கேட்டுக்குள் இருக்க வேண்டும்.

திங்கள் முதல் சனி வரை அப்படி. ஞாயிறு எனக்கு.

சுங்கை வேயில் வெல்டிங் பட்டறை வைத்திருந்த ஒரு அண்ணன் இருந்தார். ஆறடி ஆள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் பட்டறை முன்னால் ஏழெட்டுப் பேர் கூடுவோம். பூச்சோங் பக்கம் போய், ஈயம் தோண்டி விட்டுப்போன பழைய ஈயக்குட்டைகளைச் சுற்றி, ரப்பர் தோட்டத்துக்குள் நுழைந்து, மண் பாதையில் ஓட்டுவோம். மற்றவர்களிடம் ஸ்கிராம்ப்ளர் இருந்தது. உயரமான வண்டி, கட்டை கட்டையாய்ப் பல் வைத்த டயர், மண்ணில் ஓடவே செய்தது. என்னிடம் கப்சாய்தான்.

மண்ணில் ஓட்டுவது எனக்குப் பிடிக்கும். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. வாரம் முழுக்க ஒரே சிமெண்டுத் தரையில் முன்னால் போய்ப் பின்னால் வருகிறவன் நான். மண் அப்படி இல்லை. போன வாரம் இருந்த பாதை இந்த வாரம் இருக்காது.

ஈயக்குட்டைகளைத் தாண்டினால் ஒரு செம்மண் மேடு வரும். செங்குத்து. மழை ஓடி நடுவில் வாய்க்கால் போட்டிருக்கும். மற்றவர்கள் ஏறி அந்தப் பக்கம் போய்விடுவார்கள். கப்சாய் பாதி ஏறும். பிறகு பின்சக்கரம் சும்மா சுற்றும். நான் இறங்கி, வண்டியைத் திருப்பி, கீழே வந்து காத்திருப்பேன். அவர்கள் தலையெல்லாம் நனைந்து திரும்பி வருவார்கள். அந்தப் பக்கம் ஆறு இருக்கிறது, தண்ணீர் ஐஸ் மாதிரி, டுரியான் மரம் இருக்கிறது என்று பேசிக்கொள்வார்கள். எனக்கு யாரும் சொல்லவில்லை. அவர்களுக்குள் பேசிக்கொள்வார்கள்.

வெல்டிங் அண்ணன் எனக்கு ‘யூ-டர்ன்’ என்று பேர் வைத்தார்.

“டேய், யூ-டர்ன் வந்துட்டானா? சரி, கிளம்பலாம். மேட்டுக்குக் கீழ நம்ம ஹெல்மெட்டுக்குக் காவல் வேணும்ல.”

எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரித்தேன். ஒரு வருஷம் சிரித்தேன்.

பிறகு வீட்டுக்காரியிடம் சொன்னேன். கப்சாயை விற்றுவிட்டு ஒரு ஸ்கிராம்ப்ளர் வாங்கலாம் என்று.

அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை.

“ரெண்டு வண்டிக்கு நமக்கு வழியில்ல.”

“ரெண்டு இல்ல. ஒண்ணுதான்.”

“அப்ப நான் வேலைக்கு எதுல போறது?”

“அதுலதான்.”

அரிசியை அடுப்பில் ஏற்றிவிட்டு வந்தாள். “ஞாயித்துக்கெழம நீங்க எந்தக் காட்டுக்கு வேணாலும் போங்க. திங்கக்கெழம சங்கு ஊதறதுக்குள்ள நான் கேட்டுல நிக்கணும். ஒரு திங்கக்கெழம தப்புச்சு, அந்த வண்டி வீட்டுல இருக்காது.”

சரி என்றேன். அவள் சொன்னால் செய்வாள்.

ஆகவே எனக்கு வேண்டியது இது. மேடு ஏற வேண்டும். அவளை உட்காரவைத்து ஹைவேயில் போக வேண்டும். விழுந்தால் நானே தூக்க வேண்டும். கடைசியாகச் சொன்னதை நான் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. காட்டில் வண்டி விழும். கூட்டம் முன்னால் போயிருக்கும். கூப்பிட்டால் கேட்காது. தூக்க முடியாத வண்டி அங்கேயே கிடக்கும், நான் நடந்து வருவேன். திங்கட்கிழமை போய்விடும்.

வீட்டுக்காரியின் அண்ணன், என் மச்சான், கிள்ளானில் இருந்தார். தண்ணீர்க்குழாய் வேலை. வண்டி பார்க்க அவர்தான் கூட வந்தார். வண்டியைப் பற்றி அவருக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது. நம்பரைப் பற்றித் தெரியும். எந்த வண்டி எதிரே வந்தாலும் நம்பரைக் கூட்டிச் சொல்வார். விபத்தான வண்டியின் நம்பரை எழுதிக்கொண்டு போய் லாட்டரிக் கடையில் கட்டுவார்.

முதலில் அவர் கூட்டிப்போனது கிள்ளானில் ஒரு வீட்டுக்கு. பட்டாளத்திலிருந்து வந்த ஒரு அங்கிள், இருநூற்றைம்பது சீசீ வண்டி. பளபளவென்று இருந்தது. வெல்டிங் அண்ணனிடம் இருந்ததும் அதே அளவுதான்.

மச்சான் நம்பரைப் பார்த்தார். விரலில் கூட்டினார். “ஒம்பது வருது மாப்ளே. கண்ண மூடிக்கிட்டு வாங்கலாம்.”

நான் அங்கிளிடம் கேட்டேன். “அங்கிள், வண்டியக் கொஞ்சம் படுக்க வைக்கலாமா?”

“என்னது?”

“கீழ சாய்ச்சுட்டு, நான் ஒருக்கா தூக்கிப் பாக்கணும்.”

அவர் மச்சானைப் பார்த்தார். மச்சான் வானத்தைப் பார்த்தார்.

“தம்பி, வண்டிய ஓட்டிப் பாப்பாங்க. சத்தம் கேட்டுப் பாப்பாங்க. படுக்க வச்சா பாப்பாங்க?”

“எனக்கு அதுதான் அங்கிள் பாக்கணும்.”

புல்தரையில், கீழே சாக்கு விரித்து, படுக்க வைக்க விட்டார். நான் ஹேண்டிலைப் பிடித்தேன். முதுகைக் கொடுத்துத் தள்ளினேன். பாதி வந்தது. நின்றது. என் கால் சறுக்கியது. மறுபடி பிடித்தேன். பாதிக்கு மேல் வரவில்லை. எஞ்சின் கனம் எல்லாம் மேலே இருந்தது. கடைசியில் அங்கிளும் மச்சானும் கை கொடுத்து நிறுத்தினார்கள்.

“தேங்க்ஸ் அங்கிள். எனக்கு ஆவாது.”

 திரும்பி வரும்போது கிள்ளான் பாலத்தில் வைத்து மச்சான் சொன்னார். “மாப்ளே, பொண்ணு பாக்கப் போயிட்டு, பொண்ணத் தூக்கிப் பாக்கணும்னு கேட்ட மாதிரி இருக்குலா. இனிமே என்ன எங்கயும் கூப்பிடாதீங்க.”

ஆனால் அடுத்ததற்கும் வந்தார்.

அது பிரிக்ஃபீல்ட்ஸில். வீட்டுக்காரி புடவைக்கு மேட்சாகத் துணி எடுக்க வேண்டும் என்று அவளும் வந்திருந்தாள். ரயில்வே குவார்ட்டர்ஸ் பக்கம் ஒருவர் வைத்திருந்தார். நூற்றிருபத்தைந்து சீசீ, டூ-ஸ்ட்ரோக். எலும்பு மாதிரி வண்டி. படுக்க வைத்தேன். ஒரே தூக்கு. மச்சானுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

“இது வண்டியா, சைக்கிளா?”

ஒரு ரவுண்டு ஓட்டக் கேட்டேன். வீட்டுக்காரியைப் பின்னால் உட்காரச் சொன்னேன். பங்சார் ஏற்றத்துக்குப் போனோம். தனியாளாக இருந்தால் பறந்திருக்கும். இரண்டு ஆள், ஏற்றம் என்றதும் மூச்சு வாங்கியது. கியரைக் குறைத்து முறுக்கினால் கத்தியது. முறுக்கவில்லை என்றால் நின்றது. நடுவில் ஒன்றும் இல்லை. பின்னால் ஒரே புகை. இறங்கும்போது அவள் முந்தானையை முகர்ந்து பார்த்தாள்.

“தெனமும் இப்படியே போனா, என்ன உள்ள விடமாட்டாங்க. தீப்புடிச்சு வந்தவள்னு நெனப்பாங்க.”

அதுவும் இல்லை.

பெரியது தூக்க முடியவில்லை. சின்னது இரண்டு பேரை இழுக்கவில்லை. நடுவில் ஒன்று வேண்டும். இருநூறு சீசீ பக்கம், ஃபோர்-ஸ்ட்ரோக். அப்படி வண்டி அப்போது குறைவு. வருவதும் உடனே போய்விடும். விலையும் எங்கள் கைக்கு எட்டாது.

எட்டியது ஒன்றே ஒன்றுதான். கிள்ளானில் ஒரு சீனர் பைக் கடை. கடை முதலாளியைத் தவுக்கே என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். கடையின் பின்சுவரில், டயர்களுக்குப் பின்னால் ஒரு இருநூறு சீசீ நின்றுகொண்டிருந்தது. டேங்கில் தூசி. மற்றதெல்லாம் நன்றாக இருந்தது. செயின் புதுசு. எஞ்சினில் எண்ணெய்க் கசிவு இல்லை. அது ஏன் அங்கே நிற்கிறது என்று எனக்குப் புரியவில்லை.

தவுக்கேயும் நானும் பாசார் மலாயில்தான், அதாவது கடைத்தெரு மலாயில்தான் பேசுவோம். அதைத் தமிழில் எழுதுகிறேன்.

“தவுக்கே, அதுல என்ன கோளாறு?”

“கோளாறு இல்ல.”

“பின்ன ஏன் விக்கல?”

அவர் துணியை எடுத்து நம்பர் தகட்டைத் துடைத்துக் காட்டினார். 4400.

“எங்க சீன ஆளுங்க நாலு வாங்க மாட்டாங்க. எங்க பேச்சுல நாலுன்னா சாவுனு கேக்கும். இதுல ரெண்டு நாலு. போதாததுக்கு பின்னால முட்டை வேற. எங்க அம்மா இந்த வண்டிய முன்னால நிறுத்தக் கூடாதுன்னுட்டாங்க.”

“எங்க தமிழாளுங்க?”

“உங்க ஆளுங்க வருவாங்க. பாப்பாங்க. விரல்ல எண்ணுவாங்க. போயிருவாங்க. ஏன்னு எனக்குத் தெரியாது.”

எனக்குத் தெரியும். நாலும் நாலும் எட்டு. எட்டு சனி. எங்கள் ஆட்கள் எட்டு கூட்டி வருகிற வண்டியைத் தொடமாட்டார்கள். வாங்கினால் விழும், வீட்டில் சண்டை வரும், வேலை போகும் என்பார்கள். பக்கத்தில் நின்ற மச்சான் ஏற்கெனவே இரண்டடி தள்ளிப் போய்விட்டார்.

“மாப்ளே, வாங்க போலாம்.”

“இருங்க.”

“என்னத்த இருக்கறது? எட்டு. லாட்டரியில கட்டறதுக்கே இந்த நம்பர நான் எடுக்க மாட்டேன். நீங்க ஏறி ஒக்காரப் போறீங்களா?”

நான் தவுக்கேயிடம் கேட்டேன். “படுக்க வைக்கலாமா?”

தவுக்கே ஒன்றும் கேட்கவில்லை. பழைய டயர் இரண்டைக் கீழே போட்டார். அந்த வண்டியை யாராவது தொட்டால் போதும் என்றிருந்தது அவருக்கு.

படுக்க வைத்தேன். ஹேண்டிலை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பினேன். இடுப்பை சீட்டில் கொடுத்து, பின்பக்கமாக நடந்தேன். வந்தது. நடுவில் ஒரு இடத்தில் யோசித்தது. பிறகு எழுந்து நின்றது. என் மூச்சு மட்டும்தான் கேட்டது.

மறுபடி படுக்க வைத்தேன். இந்த முறை மறுபக்கம். அதுவும் வந்தது.

ஏறி உட்கார்ந்தேன். இரண்டு காலும் தரைக்கு எட்டவில்லை. ஒரு பக்கம் சரிந்து உட்கார்ந்தால் ஒரு பாதம் முழுக்க ஊன்றியது. அது போதும். ஓட்டும்போது கால் எதற்கு?

சாலையில் ஒரு சுற்று ஓட்டினேன். குரல் அடங்கி இருந்தது. கீழ் கியரில் மெதுவாகப் போகும்போதும் இழுத்தது. கத்தாமல் இழுத்தது. இதுதான் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

நாளைக்குச் சொல்கிறேன் என்று தவுக்கேயிடம் சொல்லிவிட்டு வந்தேன். வீட்டுக்காரியைக் கேட்க வேண்டும்.

மச்சான் எனக்கு முன்னாலேயே வீட்டுக்குப் போய்விட்டார். நான் போனபோது பாதி சொல்லி முடித்திருந்தார்.

“ஒன் புருஷன் சனியன வீட்டுக்குக் கூட்டிட்டு வரப் போறாரு. நல்லாக் கேட்டுக்க.”

அவள் என்னைப் பார்த்தாள். “வண்டி எப்படி?”

“நல்ல வண்டி.”

“தூக்க முடிஞ்சுதா?”

“ரெண்டு பக்கமும்.”

“நம்பரு?”

“நாலாயிரத்து நானூறு.”

அவளுக்கும் பயம் இருந்தது. இல்லாமல் இல்லை. முகத்தில் தெரிந்தது. அவளும் அதே வீட்டில் வளர்ந்தவள்தானே. பிறகு சொன்னாள்.

“சனி பகவான் வண்டினா சனிக்கெழம கோயிலுக்குக் கூட்டிட்டுப் போனாச் சரியாப் போச்சு. எள்ளு விளக்கு ஏத்துவோம். அவரு வண்டி, அவரே பாத்துக்கட்டும்.”

மச்சான் விடவில்லை. “அப்படியெல்லாம் ஒரு கணக்கு இல்லம்மா.”

“இருக்குண்ணே. நீ வாங்குன ஒம்பது நம்பர் வண்டி எங்க? போன வருஷம் பாசார்ல நிறுத்தி வச்சத திருடிட்டுப் போனானே, அது ஒம்பதுதானே?”

மச்சான் தேத்தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டுப் போனார்.

யாரும் வாங்காத வண்டி என்பதால் எங்களுக்குக் கட்டுப்படியானது. கப்சாயைத் தவுக்கேயே எடுத்துக்கொண்டார். வண்டியைக் கொடுக்கும்போது அவர் முகத்தில் ஒரு நிம்மதி. கடைக்குள் எட்டிப் பார்த்து அம்மாவிடம் சீனத்தில் ஏதோ சொன்னார். கிழவி வெளியே வந்து, என்னைப் பார்த்து, தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனாள். பாவம் என்று நினைத்திருப்பாள்.

அந்தச் சனிக்கிழமை கிள்ளானில் கோயிலுக்கு ஓட்டிப்போனோம். ஐயர் மாலை போட்டு, சக்கரத்துக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்தார். நம்பரைப் பார்த்துக் கொஞ்சம் நிறுத்தினார். பிறகு இன்னும் ஒரு பழத்தை எடுத்து வைத்தார். நான் ஏற்றி நசுக்கினேன். அவள் நவக்கிரகத்தில் எள் விளக்கு ஏற்றினாள். அதிலிருந்து சனிக்கிழமை தவறாமல் அந்த வண்டி கோயில் வாசலில் நின்றது. அந்த வீட்டில் என்னைவிட வண்டிதான் அதிகம் கோயிலுக்குப் போனது. நான் வெளியே செருப்புக்குக் காவல் இருப்பேன்.

சீட்டைக் குறைக்க வேண்டியிருந்தது. கடையில் கொடுத்தால் முழு சீட்டையும் மாற்றச் சொல்வார்கள். அவளே ரொட்டி வெட்டும் கத்தியை எடுத்தாள். உறையைப் பிரித்து, உள்ளே ஸ்பான்ஜை முன்பக்கம் மட்டும் அறுத்தாள். மறுபடி இழுத்துத் தைத்தாள்.

“பின்னாடியும் கொஞ்சம் கொறைக்கலாமே. பாக்க ஒழுங்கா இருக்கும்.”

“பின்னாடி என் எடம். நீங்க பள்ளத்துல ஒக்காருங்க. நான் மேட்டுல ஒக்காந்துக்கறேன்.”

அப்படியே ஆயிற்று. முன்னால் பள்ளம், பின்னால் மேடு. என் கால் இன்னும் கொஞ்சம் எட்டியது. ஹைவேயில் போகும்போது அவள் தலை என் தலைக்கு மேல் இருக்கும். பின்னால் வருகிறவர்கள் அவள்தான் ஓட்டுகிறாள் என்று நினைத்திருப்பார்கள்.

டயரிலும் நடுவாக ஒன்று எடுத்தேன். முழுக்கப் பல் வைத்தது மண்ணில் நன்றாகப் பிடிக்கும், தாரில் வழுக்கும், சீக்கிரம் தேயும். ரோட்டு டயர் மேட்டில் ஏறாது. பாதிப் பல் டயர் போட்டேன். எல்லாவற்றிலும் நடுவேதான் எனக்கு வாய்த்தது.

முதல் ஞாயிறு பட்டறைக்குப் போனேன். வெல்டிங் அண்ணன் வண்டியைச் சுற்றி வந்தார். சீட்டைப் பார்த்தார்.

“என்னடா இது, ஒட்டகமா?”

பிறகு நம்பரைப் பார்த்தார். விரலை மடக்கினார். சிரிப்பு நின்றது.

“தம்பி, தெரிஞ்சுதான் வாங்குனியா?”

“தெரிஞ்சுதான்ணே.”

“அப்ப நீ எனக்குப் பின்னாடி வராத. முன்னாடியும் வராத. கொஞ்சம் தள்ளி வா.”

தள்ளித்தான் போனேன். முந்தின நாள் மழை. செம்மண் மேடு சோப்பு மாதிரி இருந்தது. அவர்கள் ஒவ்வொருவராக ஏறினார்கள். எஞ்சின் சத்தம் அந்தப் பக்கம் இறங்கித் தேய்ந்தது. கீழே நான் மட்டும். வழக்கமாக நான் காத்திருக்கிற இடம். அங்கே நின்று நின்று புல்கூடத் தேய்ந்திருந்தது.

இரண்டாவது கியரில் ஏற்றினேன். பாதி தாண்டியது. கப்சாய் திரும்புகிற இடத்தைத் தாண்டியது. அப்புறம் முன்சக்கரம் வாய்க்காலில் இறங்கி, நானும் வண்டியும் இடது பக்கம் விழுந்தோம். ஒரு கல்லில் டங் என்று சத்தம்.

எழுந்தேன். கிளட்ச் பிடி பாதியில் உடைந்து போயிருந்தது. ஒரு விரல் நீளத்துக்குக் கட்டை மிச்சம் இருந்தது.

மேலே பார்த்தேன். கீழே பார்த்தேன். திரும்பிப் போயிருக்கலாம். திங்கட்கிழமை நினைவு வந்தது. இப்போதே திரும்பினால் அவளுக்குச் சொன்ன சொல் தப்பாது. அதே நேரம், இன்றைக்கும் திரும்பினால் இந்த வண்டியிலும் நான் யூ-டர்ன்தான்.

ஹேண்டிலைத் திருப்பினேன். இடுப்பைக் கொடுத்தேன். சேற்றில் கால் சறுக்கியது. குதிகாலால் குழி தோண்டி ஊன்றினேன். வந்தது. தவுக்கே கடையில் யோசித்த அதே இடத்தில் யோசித்தது. எழுந்து நின்றது.

மிச்சம் இருந்த கட்டையை ஒற்றை விரலால் இழுத்துப் பிடித்துக் கியர் போட்டேன். விரல் வலித்தது. மெதுவாக விட்டேன். முறுக்கவில்லை. அந்த வண்டிக்கு முறுக்கத் தேவையில்லை. அடங்கின குரலில், பின்சக்கரம் மண்ணைக் கடித்துக் கடித்து ஏறியது. இன்னொரு முறை சரிந்தது, கால் ஊன்றி நிறுத்தினேன். சீட்டில் அவள் அறுத்த பள்ளம் இல்லையென்றால் அந்தக் கால் எட்டியிருக்காது.

மேலே வந்தேன்.

அந்தப் பக்கம் பெரிதாக ஒன்றும் இல்லை. அவர்கள் ஆறு என்றது ஓடை. டுரியான் மரம் இரண்டு. மரத்தடியில் எல்லாரும் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தார்கள். நான் இறங்கி வருவதைப் பார்த்ததும் வாய் அசைவது நின்றது.

வெல்டிங் அண்ணன்தான் முதலில் பேசினார். “யாருடா தூக்கிவிட்டது?”

என் முதுகு முழுக்கச் சேறு. விழுந்தது தெரிந்திருக்கும்.

“யாரும் இல்லண்ணே.”

அவர் எழுந்து வந்து உடைந்த கிளட்ச் பிடியைப் பார்த்தார். மேட்டைத் திரும்பிப் பார்த்தார். ரொட்டிப் பொட்டலத்தை என் பக்கம் தள்ளிவைத்தார்.

நான் ஓடையில் முகம் கழுவினேன். தண்ணீர் ஐஸ் மாதிரிதான் இருந்தது.

வீடு வந்து சேர்ந்தபோது மச்சான் வாசலில் உட்கார்ந்திருந்தார். ஞாயிறு சாப்பாட்டுக்கு வந்தவர். வண்டியைப் பார்த்தார்.

“சொன்னேன்ல. எட்டு. மொத வாரமே காட்டிருச்சு.”

வீட்டுக்காரி வெளியே வந்தாள். பிடியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

“மேடு?”

“ஏறிட்டேன்.”

தலையை ஆட்டினாள். பிறகு, “நாளைக்கு?” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை கடை எதுவும் திறந்திருக்காது. ஒற்றை விரலில் இழுத்துக்கொண்டு, பின்னால் ஆளையும் வைத்துக்கொண்டு, ஹைவே வரை போக முடியாது. விரல் ஏற்கெனவே வீங்கியிருந்தது. வேறு வழி யோசித்துக்கொண்டு வண்டியின் பக்கத்தில் குந்தியிருந்தேன்.  மச்சான் எழுந்து போய்த் தன் வேலைப்பையைக் கொண்டுவந்தார். குழாயைப் பிடித்தால் விடாமல் பூட்டிக்கொள்கிற கிரிப் பிளையர் ஒன்றை எடுத்தார். உடைந்த கட்டையில் கடிக்கவிட்டுப் பூட்டினார். அதன் மேல் ரப்பர் டேப் சுற்றினார். இப்போது அதுவே ஒரு பிடி. இழுத்துப் பார்த்தேன். நாலு விரலுக்கும் இடம் இருந்தது. கிளட்ச் வேலை செய்தது.

“வண்டியத் தொடமாட்டேன்னீங்களே மச்சான்.”

“நான் எங்க தொட்டேன்? என் பிளையரத்தான் தொட்டேன்.”

வீட்டுக்காரி அவருக்கு இன்னொரு துண்டு மீன் வைத்தாள்.

திங்கட்கிழமை கிளம்பினோம். சேறு முழுதும் போகவில்லை. ஹேண்டிலில் பிளையர். சீட்டில் பள்ளமும் மேடும். நம்பர் 4400. ஹைவேயில் கப்சாய்களெல்லாம் எங்களைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு போயின. சுங்கை வேயில் கேட்டுக்கு வந்து நிறுத்தினேன். அவள் இறங்கி யூனிஃபார்மைத் தட்டிவிட்டாள். கேட்டில் காவலுக்கு நின்ற ஜாகா, அவளோடு வேலை செய்கிற பெண்கள் எல்லாரும் வண்டியையே பார்த்தார்கள்.

“அக்கா, என்ன வண்டி இது, இவ்ளோ சேறு?”

“எங்க வண்டிதான். மலையேறிட்டு வந்துருக்கு,” என்றாள்.

அதைச் சொல்லும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை. நேரே உள்ளே நடந்தாள். அவள் கேட்டுக்குள் போன பிறகுதான் சங்கு ஊதியது. நானும் வண்டியோடு கேட்டுக்குள் நுழைந்தேன்; சங்கு நிற்கும் வரை அதை அணைக்கவில்லை.

அந்த வண்டி எங்களிடம் பல வருஷம் இருந்தது. ஒரு திங்கட்கிழமையும் தப்பவில்லை. எட்டு எங்களை என்ன செய்தது என்று இன்றைக்கும் மச்சான் கேட்பார். ஒன்றும் செய்யவில்லை. சனிக்கிழமை விளக்குதான் காரணம் என்பாள் அவள். நான் அதில் தலையிடுவதில்லை. புதுப் பிடி வாங்கிப் போட்ட பிறகும் மச்சான் பிளையரைத் திருப்பிக் கேட்கவில்லை. நான் அதைச் சீட்டுக்கடியில் வைத்திருந்தேன்.

ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். நாலைந்து வருஷம் கழிந்திருக்கும். வெல்டிங் அண்ணனுக்கு முதுகில் கோளாறு வந்துவிட்டது. ஒரு ஞாயிறு அவருடைய பெரிய வண்டி வாய்க்காலில் விழுந்தது. அவரால் தூக்க முடியவில்லை. நாங்கள் இரண்டு பேர் தூக்கினோம். அவர் பக்கத்தில் நின்று பார்த்தார். அவ்வளவு உயரமான ஆள், கையைக் கட்டிக்கொண்டு நின்றார். திரும்பி வரும்போது வழியில் ஒட்டுக்கடையில் தேத்தண்ணீருக்கு நிறுத்தினோம். மற்றவர்கள் உள்ளே போனார்கள். அவர் என் வண்டியின் பக்கத்தில் நின்றார்.

“தம்பி.”

யூ-டர்ன் என்று கூப்பிடவில்லை.

“என்னண்ணே?”

“இதக் கொஞ்சம் படுக்க வைக்கலாமா?”

“வைங்கண்ணே.”

புல் இருக்கிற இடமாகப் பார்த்துப் படுக்க வைத்தார். ஹேண்டிலை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பினார். இடுப்பை சீட்டில் கொடுத்தார். அவர் எப்போது என்னைப் பார்த்துக் கற்றுக்கொண்டார் என்று தெரியவில்லை. பின்பக்கமாக நடந்தார். வண்டி நடுவில் யோசித்தது. எழுந்து நின்றது.

அவர் மூச்சு வாங்கினார். நம்பர் தகட்டில் ஒட்டியிருந்த புல்லைக் கையால் தட்டிவிட்டார்.

“எட்டு,” என்றார்.

“எட்டுதான்ணே,” என்றேன்.

“இதே மாதிரி இன்னொண்ணு கெடைக்குமாடா?”

தவுக்கேயிடம் கேட்கிறேன் என்றேன். பிறகு இருவரும் உள்ளே போனோம். தேத்தண்ணீர் அவர் வாங்கிக் கொடுத்தார்.